நாளைக்கு வா, உப்பு தர்றேன்

மூன்று வருஷமாக "பிடுங்கு, பிடுங்கு" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்த பெண்டாட்டி, ஒரு சாயங்காலம் திடீரென்று "பிடுங்காதே" என்றாள். பிளாகோட்டா காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

விஷயம் ஒரு களைக்கொடியைப் பற்றியது. ஸ்கதர் ஏரிக்கு மேலே, மலையில் கல்லை அடுக்கி அடுக்கித் திராட்சை போட்டிருக்கிற எங்கள் ஊரில் எல்லாத் தோட்டத்திலும் அது உண்டு. வெள்ளை வெள்ளையாகக் குட்டிப் புனல் மாதிரி பூக்கும். எது நிமிர்ந்து நிற்கிறதோ அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். நாங்கள் சுற்றுக்கொடி என்போம். பிளாகோட்டாவின் தோட்டத்தில் அது மிளகாய்ச் செடியைச் சுற்றி, தக்காளியைச் சுற்றி, திராட்சையின் முதல் வரிசையைச் சுற்றி, பக்கத்து வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவிலிருந்த கல் சுவரையும் சுற்றிவிட்டது. பிளாகோட்டா ஒரே இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அவனையும் சுற்றியிருக்கும்.

எங்கள் மாண்டிநீக்ரோ ஆம்பளைகள் சோம்பேறிகள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அதை மறுத்துப் பேச இதுவரை எங்களில் ஒருத்தனும் எழுந்து நிற்கவில்லை. அந்தக் கூட்டத்திலும் பிளாகோட்டா கொஞ்சம் உசத்தி. "அந்தக் கொடியை வேரோட எடுய்யா" என்று அவன் மனைவி தாரிங்கா தினமும் சொல்வாள். "நாளைக்குப் பாத்துடறேன்" என்று அவனும் தினமும் சொல்வான். மற்றவர்கள் சாப்பிடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வது போல, அந்த வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

அன்றைக்கும் அவன் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, "அந்தக் கொடியை நாளைக்குப் பாத்துடறேன்" என்றான்.

"வேணாம். விட்டுடு."

"என்னது?"

"விட்டுடுன்னேன். அது அவன் வீடு."

"எவன் வீடு?"

தாரிங்கா முகவாயால் ஜன்னலைக் காட்டினாள். கண்ணாடிக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில், ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. பால் வெள்ளை. இறக்கைகளை ரெண்டு பக்கமும் நேராக நீட்டி வைத்திருந்தது, கொடிக் கயிற்றில் காயப்போட்ட சட்டை மாதிரி. நீளமான, ஒல்லியான கால்கள். அது லேசாக அசைந்தபோதுதான் தெரிந்தது, இறக்கை ஒரே துண்டாக இல்லை. முன்னால் இருந்தது ரெண்டாகவும் பின்னால் இருந்தது மூன்றாகவும் பிளந்து, ஒவ்வொரு பிளவும் தனித்தனியாக ஒரு சின்ன இறகு.

"இறகுப்பூச்சி" என்றாள் தாரிங்கா. குரல் குழைந்தது. "பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கான். விளக்கு போட்டதும் வந்துடறான். குடிச்சிட்டு வர்றதில்ல. வந்தா ஒரு சத்தம் கிடையாது. கால்ல சேறு கிடையாது."

பிளாகோட்டா மேஜைக்கு அடியில் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஒரு பூச்சியை 'அவன்' என்கிறாள். கட்டின புருஷனை 'ஏய்யா' என்கிறாள். இருபது வருஷத்தில் அவனைப் பார்த்து "எவ்வளவு சுத்தமா இருக்கான்" என்று அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்வதற்கு அவன் இடம் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"நேத்து வந்ததும் இதுதானா?"

"நேத்து வந்தவன் வேறயா இருக்கும். அது உனக்கு எதுக்கு?"

அப்படியானால் பல பேர் வருகிறார்கள். பிளாகோட்டா ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"போன மாசம் இவன் புழுவா இருந்தப்ப இந்த ஜாம் பாட்டில்லதான் வெச்சு வளர்த்தேன்" என்றாள் தாரிங்கா.

"அந்தப் பாட்டில்ல இருந்தது புழுவா? நான் ஏதோ மூலிகைன்னு நெனச்சேன்."

"நல்ல வேளை, டீ போட்டுக் குடிக்காம இருந்தே. பச்சையா, ஒடம்பெல்லாம் முடியா இருந்தான். முட்டைக்கோஸ் இலை போட்டேன், தொடல. திராட்சை இலை போட்டேன், திரும்பிப் பாக்கல. தோட்டத்துலயே நல்ல கீரையாப் பாத்துப் பறிச்சுப் போட்டேன். அந்தச் சுத்துக்கொடி இலை ஒண்ணு போட்டேன் பாரு, கடக்முடக்னு தின்னான். கட்டினா அவளைத்தான் கட்டுவேன், இல்லேன்னா பட்டினி கிடப்பேன்னு ஒரு வைராக்கியம். அப்படியும் சில ஆம்பளைங்க இருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்த இலைலயே ஒட்டிக்கிட்டுத் தொங்கினான். கூடு கூடக் கட்டல."

"பாத்தியா? வீடு கட்டத் துப்பில்லாதவன். அவனைப் போய் மெச்சறியே."

"கட்டலேன்னாலும் சொன்ன நேரத்துக்கு வெளியே வந்தான். நாளைக்குப் பாத்துடறேன்னு சொல்லல."

பிளாகோட்டா ஒரு மிடறு சூப் குடித்தான். பிறகு, ஏதோ வானிலையைப் பற்றிக் கேட்பவன் போலக் கேட்டான்.

"அப்ப அந்தக் கொடி இல்லேன்னா?"

"கொடி இல்லேன்னா அவன் இங்க எதுக்கு வரப்போறான்? எங்க கொடி இருக்கோ அங்க போயிடுவான், பாவம்." அடுப்புப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டுதான் இதைச் சொன்னாள். முகம் எப்படி இருந்தது என்று பிளாகோட்டாவுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் விஷயம் முற்றியது. பிளாகோட்டா காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, சுவருக்கு இந்தப் பக்கம் தாரிங்கா நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யாகோஷ்.

யாகோஷ் கப்பலில் சமையல்காரனாக இருந்து ஊர் திரும்பினவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் எல்லாரும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு திரியும்போது, அவன் மட்டும் தினமும் துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. ஆள் ஒல்லி. கால் நீளம். பேசும்போது ரெண்டு கைகளையும் விரித்துச் சுவர்மேல் நீட்டி வைத்துக்கொள்வான்.

பிளாகோட்டா பார்த்தான். வெள்ளை. ஒல்லி. நீளக் கால். ரெண்டு பக்கமும் நேராக நீட்டின கை. அவன் கையில் இருந்த காப்பி தளும்பிச் செருப்பில் கொட்டியது.

"என்ன சிரிப்பு?" என்றான் பக்கத்தில் போய்.

"ஒண்ணுமில்ல, கப்பல்ல நடந்த கதை" என்றாள் தாரிங்கா.

"எனக்கும் சொல்லேன். நானும் சிரிக்கறேன்."

"உனக்குப் புரியாது பிளாகோட்டா, அதுல வேலை செய்யறவங்க வர்றாங்க" என்றான் யாகோஷ்.

ரெண்டு பேரும் மறுபடியும் சிரித்தார்கள். பிளாகோட்டாவும் சிரித்தான். அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மதியம் வரை பல்லைக் கடித்தான்.

அப்போதுதான் அவனுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சூனியக்காரி தூங்கும்போது அவள் உயிர் பூச்சியாகி வெளியே பறக்குமாம். சாயங்காலம் வீட்டுக்குள் பூச்சி வந்தால் அதைப் பிடித்து, இறக்கையை லேசாகத் தீயில் காட்டி, "நாளைக்கு வா, உப்பு தர்றேன்" என்று சொல்லி விட்டுவிட வேண்டும். மறுநாள் யார் வீடு தேடி வந்து உப்பு கேட்கிறாளோ, யார் உடம்பில் சுட்ட காயம் இருக்கிறதோ, அவள்தான் அந்தப் பூச்சி. பிளாகோட்டாவின் அம்மா இந்த முறையில் தன் சொந்த நாத்தனாரையே கண்டுபிடித்தாள். ரெண்டு வீடும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை. நாத்தனார் வீட்டில் நிஜமாகவே உப்பு தீர்ந்துபோயிருந்தது என்பது அவள் சாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிளாகோட்டா இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. செல்போன் வைத்திருக்கிறவன். ஆனால் நம்பாதவன் செய்துபார்ப்பதில் என்ன தப்பு? சூனியக்காரி என்றால் பெண்தானே, யாகோஷ் ஆம்பளை ஆச்சே என்றும் யோசித்தான். பிறகு, இந்தக் காலத்தில் பெண்கள் பஸ் ஓட்டுகிறார்கள், ஆம்பளைகள் முகத்துக்குக் க்ரீம் பூசுகிறார்கள், இதில் மட்டும் என்ன பாகுபாடு என்று சமாதானம் செய்துகொண்டான்.

அன்று சாயங்காலம் தாரிங்கா ஆட்டைக் கட்டப் போனாள். விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தான். ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துப் பக்கமிருந்து, அவசரமே இல்லாமல், காற்றில் அலைகிற பஞ்சு போல ஒன்று மிதந்து வந்து திரைச்சீலையில் உட்கார்ந்தது.

பிளாகோட்டா தீக்குச்சியைக் கிழித்தான். பூச்சி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. இன்னொரு குச்சி. இன்னொரு சாண். மூன்றாவது குச்சியில் அவன் கட்டைவிரல் சுட்டது, திரைச்சீலையின் ஓரம் கருகியது, பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மறுபடி இறக்கையை நீட்டிவைத்துக்கொண்டு அவனையே பார்த்தது.

சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, பூச்சியிடம் குனிந்து சொன்னான். "நாளைக்கு வா. உப்பு தர்றேன்."

"யார்கிட்டய்யா பேசற?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"யார்கிட்டயும் இல்ல."

"என்ன கருகற வாசனை?"

"ஒண்ணுமில்ல."

தாரிங்கா திரைச்சீலையைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். விரித்த இறக்கையோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூச்சியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பாலைக் காய்ச்சப் போனாள். இருபது வருஷத்தில் அவள் ஒன்றும் கேட்காமல் போனது அன்றைக்குத்தான். இதில் பயப்பட வேண்டியது அதுதான். பிளாகோட்டாவோ தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

மறுநாள் அவன் வாசலை விட்டு நகரவில்லை. முதலில் தபால்காரர் வந்தார். அவர் உப்பு கேட்கவில்லை. பிறகு ஒரு நாய் வந்தது. கடைசியில் வெயில் ஏறின பிறகு பாதைப் பக்கத்துக் கதவு கிறீச்சிட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கையில் ஒரு காலிக் கிண்ணம்.

"பிளாகோட்டா, வீட்ல கொஞ்சம் உப்பு இருக்குமா?"

பிளாகோட்டா கிண்ணத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏரில ரெண்டு கெண்டை கெடச்சுது. உப்பு போட்டு வெக்கலாம்னு பாத்தா டப்பால பொட்டு உப்பு இல்ல."

"விரல்ல என்ன கட்டு?" யாகோஷின் கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"இதுவா? நேத்து சாயங்காலம் லேசா சுட்டுடுச்சு."

"எதுல?"

"தெரியல. நெருப்புலதான்."

பிளாகோட்டா உள்ளே போய் உப்புப் பானையைத் திறந்து, கிண்ணம் நிறைய அள்ளிப் போட்டான். உள்ளங்கையால் தலை தட்டிக் கொடுத்தான். அவனுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. தாரிங்கா இல்லாத அந்தச் சமையலறையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது. "ஏய்யா" என்று யாரும் கூப்பிடவில்லை. அவனுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதை அவளிடம் சொல்லலாம் என்று நிறைய தடவை நினைத்ததுண்டு. அதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

யாகோஷ் போன பிறகு உட்கார்ந்து யோசித்தான். யாகோஷை அடிக்கலாம். ஆனால் கப்பலில் பெரிய பெரிய அண்டாவைத் தூக்கின கை அது. தாரிங்காவிடம் நேராகக் கேட்கலாம். என்னவென்று கேட்பது? "ஜன்னல்ல வந்து ஒட்டிக்கறானே, அவனுக்கும் உனக்கும் என்ன?" என்றா? ஊர் சிரிக்கும். இதற்கு ஒரே வழிதான் இருந்தது. கொடி இல்லையென்றால் புழு இல்லை. புழு இல்லையென்றால் பூச்சி இல்லை. பூச்சி இல்லையென்றால் யாகோஷ் இல்லை.

பிளாகோட்டா மண்வெட்டியை எடுத்தான்.

அவன் கையில் மண்வெட்டியைப் பார்த்ததும் எங்கள் காப்பிக் கடை காலியாகிவிட்டது. எல்லாரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பாதையோரம் போட்டு உட்கார்ந்தோம். பாதிரியார் அந்த வழியாகக் காரில் போனவர், நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"யார் செத்துப் போயிட்டாங்க பிளாகோட்டா?"

"யாரும் சாகல சாமி."

"பின்ன எதுக்குப்பா குழி வெட்டற?"

"களை எடுக்கறேன்."

பாதிரியார் எதற்கும் இருக்கட்டும் என்று அவனுக்கு ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

சுற்றுக்கொடியை மேலோடு பிடுங்குவது பெரிய வேலையில்லை. வேர்தான் எமன். வெள்ளை நூல் மாதிரி இருக்கும், தோண்டத் தோண்டக் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஓர் ஆள் உயரம் போகும். இழுத்தால் அறும். அறுந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் முதல் குழியோடு மண்வெட்டியை வீசிவிட்டுப் போயிருப்பான். கூலிக்கு ஆள் வைத்தாலும் மேலாக வழித்துவிட்டுக் கையை நீட்டுவான். அந்த வேரை முழுசாக எடுக்கப் பொறாமை பிடித்த புருஷன்தான் வேண்டும்.

பிளாகோட்டா மூன்று நாள் இடுப்பளவு பள்ளத்தில் இறங்கி நின்று தோண்டினான். எடுத்த மண்ணைச் சும்மா போடவில்லை. தாரிங்காவின் மாவுச் சல்லடையை எடுத்துவந்து சலித்தான். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி வாளியில் போட்டு, வெயிலில் காயவைத்து, அடுப்பில் எரித்தான்.

"ஏய்யா, விட்டுடேன்" என்றாள் தாரிங்கா வாசலில் நின்று. "பாவம், அவன் எங்க போவான்?"

அவன் இன்னும் ஆழமாகத் தோண்டினான்.

யாகோஷ் சுவருக்கு மேலே கைகளை விரித்துவைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "இந்த மூலைல மட்டும் கொஞ்சம் விட்டுவை பிளாகோட்டா. பூ அழகா இருக்கு."

அந்த மூலையில்தான் அவன் அதிகம் தோண்டினான். அவன் தோண்டின வேகத்தில், அவன் அப்பா காலத்திலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்த சுவர் சரிந்து விழுந்தது. தாரிங்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிளாகோட்டாவுக்கு நின்று வருத்தப்பட நேரமில்லை. சுவர் இல்லையென்றால் யாகோஷ் நேராக நடந்து வந்துவிடுவானே. கல்லை எல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்கினான். முன்பைவிட ஒரு முழம் உயரமாக, நூல் பிடித்த மாதிரி நேராக அடுக்கினான்.

அப்போதுதான் சுவருக்கு அடியில் வேர் யாகோஷ் பக்கம் போவதைப் பார்த்தான். மண்வெட்டியோடு சுவரேறிக் குதித்தான்.

"என் தோட்டத்துலயா? ஐயையோ, உனக்கு எதுக்குச் சிரமம், வேணாம்" என்றான் யாகோஷ். சொல்லிக்கொண்டே, தோண்டுவதற்கு இடைஞ்சலாக இருந்த தன் நாற்காலியை எடுத்து மரநிழலில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கடைசிக் கொடியை இழுத்தபோது, ஓர் இலையின் அடியில் கூட்டுப்புழு ஒன்று தொங்குவதைப் பார்த்தான். பச்சையாக, முடிமுடியாக, கூடு எதுவும் இல்லாமல், வாலால் ஒட்டிக்கொண்டு சும்மா தொங்கியது. பிளாகோட்டா அதைக் காலால் தேய்க்கப் போனான். முடியவில்லை. பார்க்கப்போனால் அதன்மேல் அவனுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. இலையைக் காம்போடு கிள்ளி, உள்ளங்கையில் வைத்து, பாதையைக் கடந்து மாதாகோயில் கல்லறைச் சுவரிடம் போனான். அங்கே சுற்றுக்கொடி காடாக மண்டிக்கிடந்தது. இலைகளுக்கு நடுவே செருகி வைத்தான்.

"இங்கயே இருந்துக்கோ. எங்க சபைல பாதிரியாருக்கும் பெண்டாட்டி உண்டு, அவர் உஷாரா இருப்பார். உப்பு கிப்புன்னு கேட்டு எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதே."

அன்று சாயங்காலம் பிளாகோட்டா குளித்தான். சவரம் செய்துகொண்டான். பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். கல்யாணத்துச் சட்டை, நடுப் பொத்தான் மாட்டவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுத் திராட்சைச் சாராயத்தை ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தான். கண்ணாடி வெறுமனே இருந்தது. இருட்டும் வரை பார்த்தான். எதுவும் வரவில்லை.

"வரலையே உன் ஆள்" என்றான்.

"வரல" என்றாள் தாரிங்கா. அவள் கெண்டை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள். உருளைக்கிழங்கும் வைத்தாள். ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தாள். மிளகாய்ச் செடிகள் மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. திராட்சை வரிசை சுத்தமாக இருந்தது. சுவர் நேராக இருந்தது. "எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள். பிளாகோட்டா நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தன் சட்டையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான்.

ஒரு துண்டு மீனை வாயில் வைத்த பிறகுதான் உறைத்தது.

"இந்தக் கெண்டை ஏது?"

அதற்குள் கதவு தட்டின சத்தம் கேட்டது. யாகோஷ். இன்றைக்கு வெள்ளைச் சட்டை இல்லை, என்னவோ செம்பழுப்பு நிறத்தில் ஒரு சட்டை. கையில் அதே கிண்ணம். அதில் அதே உப்பு, தலை தட்டினபடி அப்படியே.

"இந்தா தாரிங்கா, உன் உப்பு. எனக்கு எதுக்கு இவ்வளவு? எங்க வீட்டு நிலவறைல ஒரு மூட்டை கெடக்கு. கேக்கச் சொன்னே, கேட்டேன். கட்டையும் அவுத்துடவா? விரலெல்லாம் வேர்க்குது." சொல்லிக்கொண்டே கட்டைவிரல் துணியைப் பிரித்தான். விரல் பிறந்த குழந்தை விரல் மாதிரி இருந்தது. ஒரு சூடு இல்லை, ஒரு கீறல் இல்லை.

பிளாகோட்டா விரலைப் பார்த்தான். உப்பைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நீயா கேக்கச் சொன்னே?"

"பின்ன? நாளைக்கு வா, உப்பு தர்றேன்னு நீ வாக்கு குடுத்துட்டே. வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். யாரும் வரலேன்னா வீட்டு மானம் என்னாகறது? பூச்சிக்கு எப்படி உப்பு குடுக்கறது? அதான் யாகோஷை அனுப்பினேன். விரல்ல கட்டும் நான்தான் கட்டிவிட்டேன். உங்கம்மா முறைப்படி காயம் இருக்கணும் இல்லையா?"

"எனக்கு என்ன போச்சு" என்றான் யாகோஷ். "என் பக்கமும் சேத்துத் தோண்டிட்டான். மீன் அதுக்குத்தான்."

பிளாகோட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தான். முதுகு வலி, இடுப்பு வலி, கையில் கொப்புளம், எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. "மூணு வருஷம் நீ கேட்டதை" என்று ஆரம்பித்தான். தாரிங்கா முடிக்க விடவில்லை.

"மூணு வருஷம் கேட்டேன், காது குடுத்தியா? ஒரு பூச்சி ஜன்னல்ல வந்து உக்காந்துச்சு, மலையையே பேத்துட்டே." தாரிங்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கல்யாணச் சட்டையின் காலரைச் சரிசெய்தாள். "என்மேல உனக்கு இவ்வளவு பொறாமை வரும்னு எனக்கே தெரியாதுய்யா. நெஜமா சொல்றேன், சந்தோஷமா இருக்கு."

அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏமாந்தவன் சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டால் நன்றாக இருக்காதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "போதும். இனிமே இந்த வீட்ல பூச்சிப் பேச்சு எடுத்தே, அவ்வளவுதான்."

"எடுக்கல." தாரிங்கா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, பாதி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "இதுல இன்னொரு தினுசு இருக்கு. அதுக்குச் சுத்துக்கொடி ஆகாது. காட்டு ரோஜா மொட்டு மட்டும்தான் திங்கும். நம்ம மேல் அடுக்குல ரோஜா முள்ளு மண்டிக் கெடக்கு இல்ல, அங்கதான். வெள்ளை கூட இல்ல, செம்பழுப்பு. பாக்க ரொம்ப லட்சணமா இருப்பான்."

"பொய்."

"பொய்தான்னே வெச்சுக்கோயேன்."

யாகோஷ் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். ரெண்டு கையையும் நிலையின் ரெண்டு பக்கமும் நீட்டி வைத்துக்கொண்டான். விளக்கு வெளிச்சத்தில் செம்பழுப்புச் சட்டை மினுங்கியது.

பொய் என்று பிளாகோட்டாவுக்கு நன்றாகத் தெரியும். யார் சொல்லிக்கொடுத்து யார் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பதும் தெரியும். மேல் அடுக்கு முள்ளை வெட்டச் சொல்லி அவள் எத்தனை வருஷமாகக் கேட்கிறாள் என்பதும் தெரியும். சாராயத்தை ஒரே மடக்காகக் குடித்தான். ஜன்னலைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். மறுபடி ஜன்னலைப் பார்த்தான்.

"மண்வெட்டி எங்கடி?" என்றான்.

"வாசல்லதான் சாத்தியிருக்கு" என்றாள் தாரிங்கா. "நீ குளிக்கப் போனப்பவே கூர் தீட்டி வெச்சுட்டேன்."